யாரைக் கேட்டார்கள்?

சென்ற ஐப்பசியில் ஒரு கலியாணத்துக்காகப் பாறசாலை வரை போகவேண்டி வந்தது. நாகர்கோவிலில் பஸ் ஏறினால் தக்கலை, மார்த்தாண்டம், குழித்துறை என்று ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே வரும். களியக்காவிளையோடு தமிழ்நாடு முடிந்துவிடுகிறது. அதை அறிவிக்க ஒரு சோதனைச் சாவடியும் சில பலகைகளும் உண்டு. மற்றபடி மண்ணும் மரமும் மனிதர் முகமும் முந்திய நிமிஷம் இருந்தபடியேதான் இருக்கின்றன.

என் பக்கத்தில் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். இள வயதில் பனை ஏறியவர் என்பதை உள்ளங்கைக் காய்ப்பே சொல்லிற்று. சாவடியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் சாலையோரம் ஒரு கள்ளுக்கடை தென்பட்டது. கறுப்புப் பலகையில் வெள்ளையாக மலையாள எழுத்து. கடையின் பின்னால் நாலைந்து பனைகள். கிழவர் அவற்றைப் பார்த்துச் சிரித்தார்.

"அந்தப் பனைக்கு அறியுமா சாரே, அது எந்தக் கெவர்மென்டுல நிக்குதுண்ணு?" என்றார்.

பனைக்குத் தெரியாது. ஏறுகிறவனுக்குத் தெரிந்தே ஆகவேண்டும். அந்தக் கோடு 1956 நவம்பர் 1-ந் தேதி போடப்பட்டது. அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தன. கன்னியாகுமரி ஜில்லா பிறந்தது. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றுவிட்டது. அந்தக் கோட்டுக்காக இங்கே பலர் சிறை சென்றார்கள். 1954 ஆகஸ்டு 11-ந் தேதி போலீஸ் துப்பாக்கிக்கு உயிர் கொடுத்தவர்களும் உண்டு. அவர்கள் கேட்டது தமிழ். ஆனால் கோடு என்று ஒன்று விழுந்துவிட்டால் அது மொழியை மட்டுமா பிரிக்கும்? பனையையும் பிரித்துவிடும். 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்கக் கூடாது. கோட்டுக்கு அந்தப்புறம் லைசென்ஸ் பெற்று இறக்கலாம். இந்தப்புறம் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிப் பதநீர்தான் இறக்கவேண்டும். சுண்ணாம்பு குறைந்தால் சாறு புளிக்கும்; புளித்தால் அது குற்றம்.

கிழவருடைய கேள்வி வீடு திரும்பிய பிறகும் என்னை விடவில்லை. ஓர் ஊரார் எதைக் குடிக்கலாம், எதைப் புகைக்கலாம், எந்தக் கடையை வைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானிப்பது யார்? ஊராரா, சென்னையா, தில்லியா, அதற்கும் அப்பால் ஜெனீவாவா? இந்தக் கேள்விக்கு ஒரு சரித்திரம் உண்டு. அதைச் சொல்லக் கள்ளைவிடக் கஞ்சாவே பொருத்தமான சாட்சி. வாசகர்கள் முகம் சுளிக்கவேண்டாம். எனக்கு அதன் வாடையே ஆகாது. அதற்காக வக்காலத்து வாங்க நான் பேனாவை எடுக்கவில்லை.

என் ஆச்சி சொல்லக் கேட்டிருக்கிறேன். அவள் சிறுமியாக இருந்த காலத்தில் கன்னியாகுமரிக்குப் போகிற வடக்கத்திச் சாமியார்கள் வழியில் சுசீந்திரத்தில் தங்குவார்களாம். மார்கழித் தேரோட்டத்தின்போது அதிகமாக இருப்பார்கள். மாலையானால் மரத்தடியில் சிலும்பி புகையும். ஊர்ப் பெரியவர்கள் அந்தப் பக்கம் பார்க்காமல் போய்விடுவார்கள். போலீஸைக் கூப்பிடவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் வீட்டுப் பையன் எவனாவது அந்த மரத்தடியில் காணப்பட்டால் அன்றிரவு அவன் முதுகுத் தோல் உரிந்துவிடும். எழுதாத சட்டம்தான், ஆனாலும் ஊரார் தாங்களே போட்டுக்கொண்ட சட்டம்.

எழுதிய சட்டம் சமஸ்தானத்திலும் இருந்தது. கள்ளும் சாராயமும் அபினும் கஞ்சாவும் அப்காரி இலாகாவின் கையில் இருந்தன. எதை விற்றாலும் மகாராஜாவின் கஜானாவுக்குப் பங்கு போகவேண்டும். குடியானவனை அழைத்து அபிப்பிராயம் கேட்கிற வழக்கம் அரண்மனைக்கு இல்லை. ஆனால் கேட்காவிட்டால் தாமே போய்ச் சொல்லுகிற வழக்கம் நாஞ்சில் நாட்டாருக்கு உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் வரிக்கொடுமை தாங்காதபோது அவர்கள் கூட்டம் கூடித் தீர்மானம் செய்திருக்கிறார்கள். 1799-ல் தலக்குளத்து வேலுத்தம்பி ஜனங்களைத் திரட்டிக்கொண்டு திருவனந்தபுரத்துக்கே போய், கட்டாய வசூல் செய்த மந்திரியை விலக்கும்படி செய்தார்.

கஞ்சா விஷயமாக நாலு பேரைக் கூப்பிட்டுக் கேட்போம் என்று ஒரு சர்க்காருக்குத் தோன்றியது 1893-ல்தான். அதுவும் வெள்ளைக்கார சர்க்காருக்கு. லண்டன் பார்லிமெண்டில் மதுவிலக்கு வாதிகள் சிலர் இருந்தார்கள். இந்தியாவில் கஞ்சா ஜனங்களைக் கெடுக்கிறது, பைத்தியக்கார ஆஸ்பத்திரிகளை நிரப்புகிறது, அதில் சர்க்கார் வரி வாங்கித் தின்கிறது என்று அவர்கள் கேள்வி கிளப்பினார்கள். உடனே ஒரு கமிஷன் போடப்பட்டது. மாக்வொர்த் யங் என்பவர் தலைவர். அங்கத்தினர்களில் மூவர் இந்தியர். அவர்கள் நாடு முழுவதும் சுற்றினார்கள். 1,193 சாட்சிகளை விசாரித்து, 1894-ல் அறிக்கை எழுதி முடித்தார்கள். அது ஏழு பாகங்களாக அச்சாயிற்று.

அந்த விசாரணையில் எனக்குப் பிடித்தது ஒரு விஷயம். ஆஸ்பத்திரிப் பதிவேடுகளில் பைத்தியத்துக்குக் காரணம் கஞ்சா என்று எழுதியிருந்த கேஸ்களை அவர்கள் அப்படியே நம்பிவிடவில்லை. ஒவ்வொன்றாகத் துருவினார்கள். ஆளைக் கொண்டுவந்து விட்ட போலீஸ்காரர் சொன்னதையும், வெறும் ஊகத்தையும் காரணம் என்ற கட்டத்தில் எழுதி நிரப்பியிருந்தது பல கேஸ்களில் வெளிப்பட்டது. கடைசியில் கமிஷன் சொன்னது இது: மிதமாக உபயோகிப்பதால் பெரிய கெடுதல் காணவில்லை, மிதமிஞ்சினால் கெடுதல் உண்டு, அடியோடு தடை செய்வது தேவையுமில்லை, உசிதமுமில்லை, வரியும் லைசென்ஸும் போட்டுக் கட்டுக்குள் வைப்பதே வழி.

வரி வாங்குகிற சர்க்காரே நடத்திய விசாரணைதானே என்று சந்தேகப்படலாம். சந்தேகப்படத்தான் வேண்டும். சாட்சிகளில் உத்தியோகஸ்தர்களும் டாக்டர்களும் பாதிரிமார்களும் ஜமீன்தார்களுமாகப் பெரிய மனிதர்களே அதிகம் என்பதும் மெய். இருந்தாலும் ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கேட்டார்கள். பிற்பாடு அத்தனை சிரமம் எடுத்துக்கொண்டு கேட்டவர்கள் இல்லை.

அடுத்த முடிவு ஜெனீவாவில் நடந்தது. அபின் பற்றிப் பேசக் கூடிய சர்வதேச மகாநாட்டில் எகிப்தின் பிரதிநிதி எழுந்து, கஞ்சாவையும் சேர்க்கவேண்டும் என்று வற்புறுத்தினார். 1925 ஒப்பந்தத்தில் அது சேர்ந்துவிட்டது. சுசீந்திரத்து மரத்தடிக்கும் ஜெனீவாவுக்கும் அன்றுதான் முதல் சம்பந்தம் ஏற்பட்டது.

பிறகு 1937 அக்டோபர் 1. அந்தத் தேதியில் ராஜாஜியின் மந்திரிசபை சேலம் ஜில்லாவில் மதுவிலக்கை ஆரம்பித்தது. அந்தச் சட்டம் மதுவை மட்டும் விலக்கவில்லை. கஞ்சாவும் அதில் அடக்கம். அதே தேதியில்தான் அமெரிக்காவில் மத்திய சர்க்காரின் கஞ்சா வரிச் சட்டமும் அமலுக்கு வந்தது. வரி என்பது பேருக்கு. உண்மையில் அது தடை. இரண்டு தேசங்களும் பேசி வைத்துக்கொண்டு செய்ததல்ல, பஞ்சாங்கத்தின் விளையாட்டுத்தான். ஆனால் ஒரு வித்தியாசம் கவனிக்கத்தக்கது. ராஜாஜி அந்த வருஷம்தான் தேர்தலில் ஜெயித்து வந்திருந்தார். மதுவிலக்குக் கொண்டுவருவோம் என்பது காங்கிரஸ் ஊரறியச் சொல்லிவந்த வாக்கு. வோட்டுரிமை எல்லாருக்கும் இல்லாத காலம் என்றாலும், இருந்தவர்களை அவர்கள் ஒரு மாதிரியாகக் கேட்டுவிட்டார்கள்.

சுதந்திரம் வந்து அரசியலமைப்பு எழுதியபோது மதுவை ராஜ்யங்களின் ஜாபிதாவில் வைத்தார்கள். கஞ்சாவின் மீது கலால் வரி போடுகிற அதிகாரமும் ராஜ்யங்களுக்கே கிடைத்தது. அதனால் வடக்கே பல ராஜ்யங்களில் லைசென்ஸ் பெற்ற கஞ்சாக் கடைகள் நடந்தன. இங்கே 1937 சட்டம் தடுத்தது. ஊருக்கு ஒரு நியாயம், ராஜ்யத்துக்கு ஒரு வழக்கம். இதற்கிடையில் 1961-ல் ஐக்கிய நாடுகள் சபையில் புதிய ஒப்பந்தம் உருவாயிற்று. வைத்தியத்துக்கும் ஆராய்ச்சிக்கும் அல்லாத கஞ்சாவை 25 வருஷத்துக்குள் ஒழித்துவிடவேண்டும் என்று அதில் ஒரு கெடு. அந்நிய தேசங்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டால், அதை நிறைவேற்ற எந்த விஷயத்திலும் பார்லிமெண்ட் சட்டம் செய்யலாம் என்று நம் அரசியலமைப்பின் 253-வது ஷரத்து இடம் கொடுக்கிறது.

1985 ஆகஸ்டு 23-ந் தேதி லோக்சபையில் போதைப்பொருள் மசோதா வந்தது. செப்டம்பர் 16-ல் ஜனாதிபதியின் சம்மதம், நவம்பர் 14-ல் அமல். மூன்று மாதம்கூட ஆகவில்லை. ஏழு பாக அறிக்கை பீரோவில் இருந்தது. அதை வாசித்து அலுக்க அவகாசம் ஏது? கஞ்சாக் கடைகள் எல்லா ராஜ்யங்களிலும் மூடப்பட்டன. ஆனாலும் சட்டத்தில் ஒரு வேடிக்கை தங்கிவிட்டது. செடியின் பூங்கொத்துத்தான் கஞ்சா. பூவோடு சேராத இலையும் விதையும் கஞ்சா அல்ல. ஆகவே காசியில் சர்க்கார் லைசென்ஸோடு பாங்கு விற்கலாம். அதே இலை நம் மதுவிலக்குச் சட்டத்தின்படி இங்கே கூடாது. செடிக்கும் அது எந்த கெவர்மென்டில் நிற்கிறது என்று தெரியாது, பாவம்.

இனி அமெரிக்காவுக்குப் போகவேண்டும். கஞ்சாவைப் பற்றி ஜனங்களையே நேராக வோட்டுப் போடச் சொன்ன தேசம் அது. 1996-ல் கலிபோர்னியா ராஜ்யத்தில் நோயாளிகள் வைத்தியர் யோசனைப்படி கஞ்சா உபயோகிக்கலாமா என்று வாக்கெடுத்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்கள் சரி என்றார்கள், சட்டம் ஆயிற்று. ஆனால் வாஷிங்டன் சர்க்காரின் 1970 சட்டம் கூடாது என்றபடியே இருந்தது. 2002-ல் டயேன் மான்சன் என்ற அம்மாளின் வீட்டுக்கு உள்ளூர் ஷெரீப்பின் ஆட்களும் மத்திய அதிகாரிகளும் சேர்ந்து வந்தார்கள். முதுகுவலிக்காக ஆறு செடிகள் வளர்த்திருந்தாள். எங்கள் ராஜ்யச் சட்டப்படி குற்றமில்லை என்றார்கள் உள்ளூரார். எங்கள் சட்டப்படி குற்றம் என்றார்கள் மத்தியார். மூன்று மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு ஆறு செடிகளும் பிடுங்கி அழிக்கப்பட்டன. வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று. 2005-ல் ஆறு நீதிபதிகள் மத்திய சர்க்கார் பக்கம், மூவர் எதிர்ப்பக்கம். தன் வீட்டில் வளர்த்து, விற்காமல், தானே உபயோகித்தாலும் அது ராஜ்யங்களுக்கிடையே நடக்கும் வியாபாரத்தைப் பாதிக்கும் என்பது தீர்ப்பு.

அதைவிட விசித்திரம் தலைநகரிலேயே நடந்தது. வாஷிங்டன் நகரம் எந்த ராஜ்யத்தையும் சேர்ந்ததல்ல. அதன் கடிவாளம் அமெரிக்கக் காங்கிரஸின் கையில். அங்கே அந்த நகரத்தாருக்கு வோட்டுரிமையுள்ள அங்கத்தினர் ஒருவர்கூட இல்லை. 1998 நவம்பரில் நகரத்தார் வைத்தியக் கஞ்சாவுக்கு வாக்களித்தார்கள். காங்கிரஸ் அதற்குள் ஒரு தந்திரம் செய்துவிட்டது. இந்த வாக்கெடுப்புக்காக நகரசபை காசு செலவழிக்கக் கூடாது என்று பட்ஜெட்டில் ஒரு வரி சேர்த்தது. செலவழிக்காமல் எப்படி எண்ணுவது? வோட்டுப் போட்டாயிற்று, முடிவைச் சொல்லக் கூடாது! கோர்ட்டுக்குப் போய்ப் பத்து மாதத்துக்குப் பிறகுதான் கணக்கு வெளிவந்தது. நூற்றுக்கு 69 பேர் சரி என்றிருந்தார்கள். அப்புறமும் பத்து வருஷம் காங்கிரஸ் அதை நடத்த விடவில்லை. 2014-ல் நகரத்தார் மறுபடி வாக்களித்து, சிறிதளவு கையில் வைத்துக்கொள்வதும் வீட்டில் வளர்ப்பதும் குற்றமில்லை என்றார்கள். மறுபடியும் பட்ஜெட்டில் ஒரு வரி முளைத்தது. வைத்திருக்கலாம், வளர்க்கலாம், சும்மா கொடுக்கலாம். கடை வைத்து விற்க நகரசபை சட்டம் செய்யக் கூடாது. இருபதுக்கு மேற்பட்ட ராஜ்யங்கள் அனுமதித்த பிறகும் சட்டம் செய்கிற சபையின் வாசலில் குடியிருப்பவர்களுக்கு இந்தக் கதி.

இது கஞ்சா வேண்டும் என்றவர்களின் கதை. எனக்கென்ன என்று இருந்துவிடலாம். ஆனால் வேண்டாம் என்றவர்களின் கதையும் இப்படியே இருக்கிறதே!

உண்ணாமலைக்கடை மார்த்தாண்டத்துக்குப் பக்கத்து ஊர். அங்கே ஒரு மதுக்கடை. ஊரார் வேண்டாம் என்றார்கள். தமிழ்நாட்டில் 2003 நவம்பர் முதல் மதுவைச் சில்லறையில் விற்பதும் சர்க்காரின் டாஸ்மாக் கம்பெனிதான். எனவே கடையை எடு என்று சர்க்காரிடம் மன்றாடவேண்டும், கடைக்காரரும் சர்க்காரே. 2015 ஜூலை 31-ந் தேதி காந்தியவாதி சசிபெருமாள் அந்தக் கடையை அகற்றச் சொல்லிச் செல்போன் கோபுரத்தில் ஏறினார். பல மணி நேரம் உச்சியில் நின்றார். கீழே கொண்டுவந்தபோது உயிர் போய்விட்டது. அவர் சேலம் ஜில்லாக்காரர். 1937-ல் மதுவிலக்கு பிறந்த மண்ணிலிருந்து வந்தவர், குமரி மண்ணில் ஒரே ஒரு கடையை மூடச் சொல்லி உயிர் விட்டார். பனையேறிகளின் நாட்டில் அவருக்கு ஏறக் கிடைத்தது இரும்புக் கோபுரம்.

அங்கே ஜனங்கள் திற என்றார்கள். மேலே உள்ளவர்கள் மூடு என்றார்கள். இங்கே ஜனங்கள் மூடு என்றார்கள். மேலே உள்ளவர்கள் திறந்து வைத்திருந்தார்கள். வார்த்தைதான் வேறு. நோய் ஒன்று.

எல்லாவற்றையும் ஊராரே தீர்மானிக்கட்டும் என்று சொல்லிவிட என் மனம் துணியவில்லை. நாஞ்சில் நாட்டில் பிறந்தவன் அப்படிச் சொல்லக் கூச்சப்படவேண்டும். 1926-ல் அதே சுசீந்திரத்தில் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்க உரிமை கேட்டுச் சத்தியாக்கிரகம் நடந்தது. தெருவிலே குடியிருந்த பெரியவர்களை வோட்டுப் போடச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1936 நவம்பர் 12-ந் தேதி சித்திரைத் திருநாள் மகாராஜாவின் பிரகடனம் வந்தது, கோயிலே திறந்தது. மேலிருந்து வந்த சட்டம்தான், நல்ல சட்டம். ஆனால் அந்தத் தெருப் பெரியவர்கள் மட்டுமா ஊர்? நடக்கக் கூடாது என்று தடுக்கப்பட்டவர்களும் ஊர்தான். மகாராஜா சத்தியாக்கிரகிகளின் குரலைக் கேட்டபிறகுதான் கையெழுத்துப் போட்டார். யாருக்கு அதிகம் வலிக்கிறதோ அவரைக் கேட்டாயா என்பதுதான் சட்டத்துக்கு வைக்கவேண்டிய பரீட்சை என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தப் பரீட்சையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் எங்கள் தெருவில் இருக்கும் ஒரு தாய். புருஷன் மதுக்கடையே கதியென்று கிடந்து நாற்பது வயதுக்குள் போய்ச் சேர்ந்தான். ஒரே மகன், பத்தொன்பது வயது. ஒருநாள் அவன் சட்டைப் பையில் சின்னக் கஞ்சாப் பொட்டலம் இருந்தது. தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு கிலோவுக்கு உட்பட்டதைச் சட்டம் சிறிய அளவு என்கிறது; அதற்கும் ஒரு வருஷம் வரை தண்டனை உண்டு. நான் எழுதுகிறவன், நாலு பேரைத் தெரிந்தவன் என்று எண்ணி என்னைத் துணைக்கு அழைத்தாள். கோர்ட்டு வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தோம்.

"இந்தச் சட்டம் போட்டது யாரு அண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"தில்லியிலே" என்றேன்.

"அவரு குடிச்ச கடை யாருக்குள்ளது?"

"நம்ம சர்க்காருக்குள்ளதுதான்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "அந்தக் கடைய மூடணும்ணு நான் நாலு மனு கொடுத்தேன். இவன அடிச்சுத் திருத்த எனக்குத் தெரியும். ரெண்டுக்கும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டாங்களா?"

மனிதரைக் கேட்டு எழுதவேண்டிய சட்டத்தைக் காகிதத்தைக் கேட்டு எழுதிவிடுகிறார்கள். 1,193 பேரைக் கேட்ட அந்த வெள்ளைக்காரக் கமிஷன்கூட இவளைப் போன்ற ஒருத்தியைத் தேடிப் போயிருக்குமா என்பது சந்தேகம். 2020 டிசம்பரில் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் கமிஷனில், மிகக் கொடியவை என்ற ஜாபிதாவிலிருந்து கஞ்சாவை எடுக்க 27 தேசங்கள் சரி என்றும் 25 தேசங்கள் கூடாது என்றும் வோட்டுப் போட்டன. இந்தியா சரி என்றது. அந்த வோட்டைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவள் மகனுடைய கேஸில் அதனால் ஓர் எழுத்தும் மாறவில்லை.

பையன் அபராதத்தோடு தப்பித்து வந்துவிட்டான். அன்றிரவு அவள் வீட்டில் சத்தம் பலமாக இருந்தது. நான் போய்த் தடுக்கவில்லை. மறுநாள் காலையில் கண் சிவந்த முகத்தோடு அவன் தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு தாயின் பின்னால் போவதைப் பார்த்தேன். தெரு முனையில் அந்தக் கடை மத்தியானம் திறப்பதற்காகப் பூட்டியபடி இருந்தது.